ஐப்பசியில் மொட்டையான வேம்பு

வாத்தியார் வேலை என்பது, நமக்கே அரைகுறையாகத் தெரிந்த ஒன்றை, அதை ஏற்கெனவே நன்றாகத் தெரிந்து வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு, அதைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒரு இன்ஸ்பெக்டர் மெச்சும்படி சொல்லிக்கொடுப்பது.

சாக்குக்கட்டித் தூளைப் பாதிச் சாப்பாடாகத் தின்று வாழும் சக வாத்தியார்களே, நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் இது உங்களுக்குப் புரியும். நான் சிவகங்கைப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளை. கலப்பை பிடிக்கக் கை வணங்காததால் வாத்தியார் ஆனவன். காரைக்குடிக்கு ரயில் வந்த புதிதில், கோட்டையூருக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில் எனக்கு வேலை கிடைத்தது. ஒரு வகுப்பு, வகுப்புக்கு எதிரே ஒரு வேப்பமரம், கூடவே இயற்கைப் பாடம் என்று ஒரு புதுப் பாடம். செடிகொடிகளும் பறவைகளும் பூச்சிகளும் பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகின்றன என்று பிள்ளைகளைக் கண்ணால் பார்க்கவைக்க வேண்டும். பார்க்கவைத்தேன். அதன் பலனைத்தான் இங்கே சொல்கிறேன்.

பருவங்கள் பார்சலில் வந்தன

பள்ளிக்கூடம் ஒரு செட்டியார் கட்டியது. இப்படிப் பள்ளிக்கூடம் வைத்திருப்பவரைச் சர்க்கார் ‘மானேஜர்’ என்று அழைக்கும். ஆகவே நாங்களும் அவரை மானேஜர் செட்டியார் என்றே அழைத்தோம். நாலாம் வகுப்புவரைதான் சர்க்கார் அங்கீகாரம் இருந்தது. ஐந்தாம் வகுப்பைப் புதிதாகத் திறந்து, அதற்கு என்னைப் போட்டிருந்தார். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு, “ஒரு வருஷம் நடத்துங்கள். வருகிற ஐப்பசியில் வந்து இயற்கைப் பாடத்தைச் சோதித்த பிறகு அங்கீகாரத்தைப் பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரமே மதராஸிலிருந்து பார்சலில் புத்தகம் வந்தது. மானேஜர் செட்டியார் முன்னிலையில் பிரித்தேன். வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று வருஷத்தை நாலாகப் பிரித்திருந்தார்கள். ஐப்பசிக்கு நேரே ஒரு படம். கம்பளிக் கோட்டுப் போட்ட பிள்ளைகள் சிவப்பு இலைகளைக் கைநிறைய அள்ளிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் நான் அறிந்த பருவங்கள் வெயில், கொடும் வெயில், வந்தால் மழை என்பவைதான். “இந்தப் பருவமெல்லாம் நம்ம ஊரில் இல்லைங்களே” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் உலை கொதிப்பது இந்தச் சம்பளத்தில் என்பதால் மெதுவாகத்தான் சொல்ல முடிந்தது.

மானேஜர் செட்டியார் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: “பருவம் இருக்கா இல்லையாங்கிறது உங்க பாடு வாத்தியாரே. அஞ்சாம் வகுப்புக்கு அங்கீகாரம் வரலைன்னா, அஞ்சாம் வகுப்பு வாத்தியாரு எனக்கு எதுக்கு?”

வாயைப் பிளந்து நிற்கும் படிப்பு

புத்தகம் கிடக்கட்டும், பிள்ளைகள் தங்கள் கண்ணால் பார்க்கட்டும் என்று தீர்மானித்தேன். தினமும் காலையில் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். இலை பழுத்திருக்கிறதா, தளிர் வந்திருக்கிறதா, பூ உண்டா, காய் உண்டா, மேலே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து வந்து வகுப்பில் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் இல்லாத நாளிலும் இதை விடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். அந்தக் கண்டிப்பு பின்னால் எங்கே போய் முடிந்தது என்று பார்க்கத்தான் போகிறீர்கள்.

ஒரு நாள் வயலுக்குப் போகிற வழியில் ஒரு அம்பலகாரர் மண்வெட்டியும் தோளுமாக வேலியோரம் நின்றுவிட்டார். அவருடைய மகன் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு கூட்டம் அப்படியே அண்ணாந்து நின்றுகொண்டிருந்தது. அவரும் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். மேலே அவருக்குப் புதிதாக ஒன்றும் தென்படவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

“ஏன் வாத்தியாரே, ஆடு மேய்க்க விட்டா இவன் இப்படித்தான் வாயைப் பொளந்துக்கிட்டு நிப்பான். அது ஆகாதுன்னுதான் இங்குட்டு அனுப்புனேன். இங்குட்டும் அதே சோலிதானா?”

ஈசல் பாடம்

ஆவணியில் ஒரு நாள் சாயங்காலம் நல்ல மழை. மழைக்குப் பிறகு புற்றிலிருந்து ஈசல் கிளம்புவது ஓர் அருமையான பருவ மாற்றம். அதை விடக்கூடாது என்று, பிடித்து வரச் சொன்னேன். மறுநாள் காலையில் ஒரு பானை நிறையக் கொண்டுவந்துவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சிறகு எத்தனை, கால் எத்தனை, சிறகு ஏன் இவ்வளவு லேசாகக் கழன்று விழுகிறது என்று கேள்விகளெல்லாம் தயார் பண்ணிக்கொண்டேன். பாடத்தை மத்தியானம் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது என் தப்பு.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தால் வகுப்பு முழுவதும் கமகமவென்று வறுத்த வாசனை. பானை சுத்தமாக இருந்தது. பொரியும் மிளகாய் வற்றலும் எங்கிருந்து வந்தன என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகள் உதட்டைத் துடைத்துக்கொண்டு ஒழுங்காக எழுந்து நின்றார்கள். “ஈசல் எங்கேடா?” என்று கத்தினேன். வகுப்புத் தலைவன் முன்னால் வந்து, காகிதத்தில் மடித்த ஒரு பொட்டலத்தை மரியாதையாக என் கையில் கொடுத்தான்.

“நல்லாப் பாத்துப்புட்டுத்தான் சார் வறுத்தோம். ரெக்கையை மட்டும் உங்களுக்கு எடுத்து வச்சிருக்கோம்.”

தலைமையாசிரியரின் பருவ மாற்றங்கள்

பார்க்கப் பழகிய கண் மரத்தோடு நிற்காது. இதை எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. என் வகுப்பில் வள்ளியம்மை என்று ஒரு பெண் இருந்தாள். மானேஜர் செட்டியாரின் மகன் வயிற்றுப் பேத்தி. தாத்தாவை அந்த வீடுகளில் ‘அய்யா’ என்பார்கள். தன் அய்யா கட்டிய பள்ளிக்கூடம் என்பதற்காக அவள் ஒருநாளும் அலட்டிக்கொண்டதில்லை. கேட்டால் சொல்லுவாள், கேட்காவிட்டால் வாயைத் திறக்க மாட்டாள். ஆனால் அவள் கண்ணுக்குத் தப்பியது எதுவும் அந்த ஊரில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

“வெயில் காலத்தில் நம்மைச் சுற்றி என்னென்ன மாறுகிறது?” என்று ஒரு நாள் கேட்டேன். வேம்பு பூக்கும், குயில் கூவும், ஊருணித் தண்ணீர் வற்றும் என்று வரிசையாகச் சொன்னார்கள். வள்ளியம்மை எழுந்தாள். “சித்திரை பொறந்தா பெரிய சார் கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டிருவாக. சோத்துக்குப் பொறவு நாற்காலியில தூங்குவாக. வைகாசியில நாற்காலி சுடுதுன்னு தரையில துண்டை விரிச்சுத் தூங்குவாக. ஆடிக் காத்துல தூசி விழுகுதுன்னு சன்னலைச் சாத்திப்புட்டுத் தூங்குவாக.” கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னாள். ஒன்றுகூடப் பொய்யில்லை.

வாசலில் தலைமையாசிரியர் நின்றுகொண்டிருந்தார். அன்று என்னவோ விழித்திருந்தார். பிள்ளைகள் போன பிறகு என்னைத் தனியாக அழைத்தார். “ஓய், மரத்தைப் பார்க்கச் சொல்லிக்கொடும் என்றால், என்னைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறீரே!”

தெற்கே போகும் பறவைகள்

இலையுதிர்காலத்தில் பறவைகள் ஊரை விட்டுத் தெற்கே போய்விடும் என்று புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சோதனைக்கு இது நிச்சயம் வரும் என்று தலைமையாசிரியர் சொன்னதால், ஐப்பசி பிறந்ததும் பிள்ளைகளை நெட்டுருப் போடவைத்தேன். ‘பறவைகள் தெற்கே செல்கின்றன’ என்று எல்லோரும் ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கண்மாய்க்கரை ஊரிலிருந்து நடந்து வருகிற ஒரு பையன் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தான். ஏன் என்று கேட்டேன். “போகலை சார், இப்பத்தான் வருது” என்றான்.

நாரையும் கொக்கும் முக்குளிப்பானும் எங்கெங்கிருந்தோ வந்து அவர்கள் ஊர்க் கண்மாயில் கூடுகட்டும் காலம் அது. அவை பயந்துவிடக் கூடாது என்று அந்த ஊரில் தீபாவளிக்கு ஒருத்தர்கூட வேட்டுப் போட மாட்டார்கள். பச்சைப் பிள்ளைகூடக் கேட்டு அழாது. அப்படிப்பட்ட ஊர்க்காரனிடம் போய், பறவையெல்லாம் ஊரை விட்டுப் போய்விட்டது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். இருந்தாலும் என் பிழைப்பை நினைத்துக்கொண்டு, “தெற்கே போகும் என்றுதானடா புத்தகத்தில் இருக்கிறது” என்று அதட்டினேன். அவன் பயப்படவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு எனக்குச் சமாதானம் சொன்னான்.

“அவுக எழுதியிருக்கிற தெக்கு நம்ம ஊருதான் சார்.”

சீமையிலிருந்து ஓர் இலையுதிர்காலம்

தீபாவளி கழிந்த மூன்றாம் நாள், வருகிற செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தது. வேம்பு மழையில் குளித்துப் பச்சைப்பசேலென்று நின்றது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மானேஜர் செட்டியார் வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டில் தூணுக்குப் பர்மாத் தேக்கு, முகப்புத் தரைக்கு இத்தாலிச் சலவைக்கல், சுவருக்கு பெல்ஜியம் கண்ணாடி. இரண்டாம் கட்டில் மட்டும் ஆத்தங்குடிக் கல் போட்டிருந்தது. அது இவ்வளவு பக்கத்திலிருந்து வந்ததில் அவருக்குக் கொஞ்சம் மனக்குறைதான்.

“புத்தகப்படி இது இலை உதிர வேண்டிய காலங்க. நம்ம வேம்பு மாசியிலதான் உதிர்க்கும். பிள்ளைகளும் அதைத்தான் பார்த்திருக்கு, கேட்டால் அதைத்தான் சொல்லும்” என்றேன். அவர் கொஞ்ச நேரம் மோட்டைப் பார்த்தார். “எலை உதுரணும், அம்புட்டுத்தானே?” என்றார். “அதுவா உதிரணுங்க” என்றேன். “அதுவா, அதுவான்னு இருந்தா நான் இந்த வீட்டைக் கட்டியிருக்க முடியுமா? ஞாயித்துக்கிழமை ஊரே கல்யாண வீட்டுல இருக்கும். தோப்பு ஆளுகளை வரச் சொல்லி உருவிப்புடுவோம். நீங்க கிட்ட நின்னு பாத்துக்கிருங்க” என்றார்.

அது பிள்ளைகள் ஒரு வருஷமாகப் பார்த்து வளர்த்த மரம். அதைத் தொடவேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் என் தோளில் தட்டிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். உடம்பு சுடாவிட்டாலும் மனசு சுட்டது. அன்று அவர் சொல்லியனுப்பிய வார்த்தை இப்போதும் காதில் இருக்கிறது.

“பர்மாவுல இருந்து தேக்கு வந்துச்சு, இத்தாலியில இருந்து கல்லு வந்துச்சு. சீமையில இருந்து ஒரு எலையுதிர்காலம் வராதாக்கும்?”

அம்மனுக்குக் கோபம்

மானேஜர் செட்டியார் எல்லாவற்றையும் யோசித்திருந்தார். வேம்பு அம்மனுடைய மரம் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் ஊருணிக்குத் தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் மரத்தைப் பார்த்தார்கள். மழைக்காலத்தில், ஒரே நாளில், வேம்பு மொட்டை. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஊருக்குள் அம்மை வரப்போகிறது என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூட வாசலில் மஞ்சள் தண்ணீரும் குலவைச் சத்தமுமாகக் கூட்டம். முன்னால் வந்தது மானேஜர் செட்டியாரின் சம்சாரம், ஊருக்கே ஆச்சி. மரத்தைச் சுற்றி மஞ்சள் நீர் ஊற்றி, அடிமரத்தில் பெரிய மஞ்சள் துணியைச் சுற்றிக் கட்டினார்கள்.

மானேஜர் செட்டியார் விஷயம் கேள்விப்பட்டு மோட்டாரில் வந்து இறங்கினார். ஆச்சி அவர் கையில் ஒரு சொம்பைக் கொடுத்து ஊற்றச் சொன்னார். அவரும் ஊற்றினார். நான் தலைமையாசிரியரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கூட்டத்தில் வள்ளியம்மையும் இருந்தாள். அவள் அய்யாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாண வீட்டிலிருந்து நழுவி வந்து ஞாயிற்றுக்கிழமையும் மரத்தைப் பார்த்துவிட்டுப் போயிருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆகவே அவளும் சொல்லவில்லை.

ஆச்சி மரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார். “இந்த மரத்துக்கு எவன் தீங்கு நெனச்சானோ, அவன் வாங்கிக் கட்டிக்கிரணும்னு நல்லா வேண்டிக்கங்க. கையைச் சேத்துக் கும்பிடுங்க, என்னத்துக்கு இப்படி நடுங்குறீக?”

சோதனை நாள்

இன்ஸ்பெக்டர் மோட்டாரை விட்டு இறங்கியதுமே மரத்தைப் பார்த்து முகம் மலர்ந்துவிட்டார். “பிரமாதம்! பாடத்துக்கு ஏற்ற மரம்!” என்றார். அடிமரத்தைப் பார்த்து, “அது என்ன மஞ்சள் துணி?” என்று கேட்டார். தலைமையாசிரியர்தான் சமாளித்தார். “மரத்துக்குக் குளிர், சார்” என்றார். இன்ஸ்பெக்டர் அதையும் தலையசைத்து ஏற்றுக்கொண்டார். மானேஜர் செட்டியார் என்னைப் பார்த்து மீசையைத் தடவினார்.

இன்ஸ்பெக்டர் வகுப்பில் உட்கார்ந்து, “மரம் ஏன் இலையை உதிர்த்தது?” என்று கேட்டார். நெட்டுருப் போட்ட பையன் ஒருத்தன் எழுந்து, “குளிர்காலம் நெருங்குவதை முன்னிட்டு மரங்கள் இலைகளை உதிர்க்கின்றன” என்று மூச்சு விடாமல் சொன்னான். சபாஷ் கிடைத்தது. அதோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் அவர் மனசாட்சியுள்ள உத்தியோகஸ்தர். “புத்தகத்தில் படித்தது இருக்கட்டும். இந்த மரத்தில் இலை விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் உண்டா?” என்று கேட்டார்.

ஒரே ஒரு கைதான் எழுந்தது. வள்ளியம்மையின் கை.

“ஞாயித்துக்கிழமை பாத்தேன் சார். எங்க அய்யா ஆளு விட்டு உருவச் சொன்னாக. மொதல்ல மேக்கால கொப்பு, அப்புறம் கெழக்கால கொப்பு. உச்சிக் கொப்பு எட்டலை, அங்ஙன மட்டும் இன்னும் பச்சையா இருக்கு. தானா விழுகிற எலை மாசியில பழுத்து மஞ்சளா விழுகும். இது பச்சையா விழுந்துச்சு, காம்போட தோலும் உரிஞ்சு வந்துருச்சு” என்றாள். சொல்லி முடித்து உட்கார்ந்தாள். வீட்டில் நடந்த விசேஷத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாக உச்சியைப் பார்த்தார். பச்சையாக ஒரு கொத்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். “வாத்தியார், இந்தப் பெண் சொல்வது நிஜமா?” மானேஜர் செட்டியார் என்னையே பார்த்தார். ‘சின்னப் பிள்ளை ஏதோ உளறுகிறது’ என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் வேலையும் தங்கும், ஐந்தாம் வகுப்பும் தங்கும். வீட்டில் கொதிக்கிற உலை கண்முன் வந்தது. ஆனால் ஒரு வருஷமாக அந்தப் பெண்ணைக் கண்ணைத் திறந்து பார் என்று சொன்னவன் நான். இப்போது அவள் பார்த்தது பொய் என்று சொன்னால், அப்புறம் எந்த முகத்தோடு அவளுக்குப் பாடம் சொல்வது? “நிஜம் சார். அவள் பார்க்காததைச் சொல்ல மாட்டாள்” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. ஆனாலும் மார்பு நிறைந்திருந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

“ஏன் இப்படிச் செய்தீர்கள்?” என்று இன்ஸ்பெக்டர் மானேஜர் செட்டியாரிடம் கேட்டார். அவர் அசரவில்லை. “ஐப்பசியில உதுரணும்னு நீங்க அனுப்பிச்ச புஸ்தகத்துல போட்டிருக்கு. எங்க மரம் புஸ்தகம் படிக்கலை. அதான் நான் எடுத்துச் சொன்னேன்” என்றார். இன்ஸ்பெக்டர் பிள்ளைகளை விளையாட அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு தலைப்பாகையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

“நான் திருநெல்வேலிக்காரன் ஐயா. எங்கள் ஊர் மரமும் ஐப்பசியில் உதிர்ந்ததில்லை. போகிற பள்ளிக்கூடத்தில் எல்லாம் உதிர்ந்துவிட்டது என்கிறார்கள், நானும் அப்படியே மேலே சொல்லிவிடுகிறேன். இங்கேதான் நிஜமாகவே உதிர்த்துக் காட்டியிருக்கிறீர்கள். அங்கீகாரம் தந்துவிடுகிறேன். எப்படி உதிர்ந்தது என்று மதராஸில் யாரும் கேட்கப்போவதில்லை.”

ரங்கூன் கடைக்கு ஒரு கண்

இன்ஸ்பெக்டர் போன பிறகு என்னை மானேஜர் செட்டியார் வீட்டுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. கணக்குத் தீர்த்து அனுப்பத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். போகும் வழியெல்லாம் ஊருக்குத் திரும்ப மாட்டுவண்டி யாரிடம் கேட்பது என்று யோசித்துக்கொண்டே போனேன். முகப்பில் ஆச்சி நின்றிருந்தார். அவர் நின்ற தோரணையிலிருந்தே, மரத்துக்குத் தீங்கு நினைத்தது யார் என்ற சேதி வீட்டுக்கு வந்துவிட்டது தெரிந்தது. மானேஜர் செட்டியார் வழக்கத்துக்கு மாறாகச் சிறுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதை வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார் போலும்.

“அவளுக்கு அப்படிப் பாக்கச் சொல்லிக் குடுத்தது நீங்கதானே?” என்றார். ஆமாம் என்றேன். அவர் பெருமூச்சு விட்டார்.

“இப்படிப் பாத்து, இப்படி ஒளிக்காமச் சொல்ற ஆளு ஒருத்தன் எங்க ரங்கூன் வட்டிக்கடையில இருந்திருந்தா, எனக்கு இம்புட்டு நரை விழுந்திருக்காது. நாளைக்கு நேரத்தோட பள்ளிக்கூடத்துக்கு வந்து சேருங்க.”

மாசியில் மறுபடியும்

கார்த்திகை முடிவதற்குள் வேம்பு கொப்பெல்லாம் செந்தளிர் விட்டது. மஞ்சள் தண்ணீரின் மகிமை என்று ஆச்சி சொன்னார்; ஊரும் சொன்னது. கொப்பு காயாமல் இருந்தால் தழைக்கும் என்று வள்ளியம்மை சொன்னாள். கேட்டது நான் மட்டும் என்பதால் எனக்கு மட்டும் சொன்னாள். அந்த வருஷத்தோடு அவள் ஐந்தாம் வகுப்பை முடித்தாள். மேலே படிக்க அந்த ஊரில் வகுப்பு இல்லை. ஆனாலும் காலையில் மரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்ப்பதை அவள் விடவில்லை.

அடுத்த சோதனை ஐப்பசியில் நடக்கவில்லை. தள்ளிப்போய், தள்ளிப்போய், மாசிக் கடைசி என்று சேதி வந்தது. திருநெல்வேலிக்காரரும் மாற்றலாகிப் போய், வருகிறவர் புது இன்ஸ்பெக்டர். புத்தகத்தில் ஒரு எழுத்துப் பிசகாமல் பார்க்கிறவர் என்று பேச்சு. புத்தகப்படி அது வசந்தம்: மரமெல்லாம் இலையும் பூவுமாக இருக்க வேண்டும். எங்கள் வேம்போ யாரும் தொடாமலே முழு மொட்டையாக நின்றது. மானேஜர் செட்டியார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். பேத்தியும் கூட வந்தாள். அவர் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். “உருவுறதுக்கு ஆளு கெடச்சாக. ஒட்டுறதுக்கு நான் எங்க போவேன் வாத்தியாரே?” என்று என்னைக் கேட்டார். மனுஷர் நிஜமாகவே கவலையில் இருந்தார். வள்ளியம்மை ஒரு தாழ்ந்த கொப்பை வளைத்து, கணுவில் முண்டிக்கொண்டிருந்த சிவந்த மொட்டை எங்களுக்குக் காட்டினாள்.

“பங்குனி பொறந்து கொஞ்ச நாள்ல எலையும் பூவுமா ஆயிரும் அய்யா. மரத்தை விட்டுருங்க. இன்ஸ்பெக்டரைத் தள்ளி வரச் சொல்லுங்க.”

இன்ஸ்பெக்டர் பங்குனியில்தான் வந்தார், பூவைப் பார்த்துப் பூரித்தும் போனார். நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்த காலம்வரை, யார் வந்தாலும் தன் நாளில் மட்டுமே தளிர்க்கிற தைரியம் அந்த வேம்புக்கும் வள்ளியம்மைக்கும்தான் இருந்தது, எனக்கு அது ஒரே ஒரு நாள் வாய்த்தது, அதுவும் அவள் தயவில்.